குளிர்ந்த பக்கம்

குளிர்ந்த பக்கம் முப்பத்து நான்கு டிகிரி காட்டியது.

வெலாபி மசோம்புகா அதை நம்பவில்லை. பாம்பு வைக்கும் பெட்டிக்கு இரண்டு பக்கம் உண்டு. இடது கோடியில், டைலுக்கு அடியில், மின்சாரத்தில் சூடாகும் ரப்பர் பாய். அங்கே முப்பத்திரண்டு இருக்க வேண்டும். வலது கோடியில் மரச்சீவலும் ஒரு தண்ணீர்க் கிண்ணமும் தவிர எதுவும் கிடையாது, அங்கே இருபத்தாறு. பாம்புக்குச் சொந்தச் சூடு இல்லை. வேண்டும்போது சூட்டுக்குப் போகும், போதும் என்றால் நகர்ந்து வந்துவிடும். அதற்குத்தான் இரண்டு பக்கம். எதுவுமே இல்லாத பக்கம் பாய் இருக்கும் பக்கத்தைவிடச் சூடாக இருக்க வழியே இல்லை. இருபது வருடமாக ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன் அவன். சூடு எங்கிருந்து எங்கே போகும் என்பதை வைத்துத்தான் பிழைப்பு நடக்கிறது.

வெப்பமானியின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தான். எண்களும் இடம் மாறின. கருவியில் கோளாறு இல்லை.

இத்தனைக்கும் கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பாய் அணைந்து கிடந்தது.

ஜன்னலுக்கு வெளியே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் சிவப்பு விளக்கு எரிய நின்றன. தென்னாப்பிரிக்காவின் இந்த விட்பேங்க் ஊர் முழுக்கத் தோண்டிய நிலக்கரி அங்கே எரிகிறது, அந்தப் புகைதான் துணியிலும் தலைமயிரிலும் ஏறுகிறது. ஆனால் குளிர்காலமான ஜூலை மாதத்தில் தினமும் மின்வெட்டு, மாலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை தெருவில் ஒரு பல்பு எரியாது.

பாம்பு அவன் கேட்டு வாங்கியதல்ல. ஃபானி என்கிற வெள்ளைக்காரர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, கடைசியாக ஃப்ரிட்ஜைக் கழற்றப் போன வெலாபியின் கையில் திணித்துவிட்டுப் போனது. நாலடி நீளம், பழுப்பும் கறுப்பும், பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாதுவான மலைப்பாம்பு. பெயர் கூக்கி. கூடவே ரப்பர் பாய், வெப்பமானி, கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேராகப் பிடித்தார்களே, அந்த மாதிரி ஒரு சூட்டுத் துப்பாக்கி.

"கண்ணாடித் தொட்டில வெக்காத வெலா," என்று ஃபானி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "இந்த ஊர் குளிருக்கு கரண்ட் போனா அரை மணில ஐஸாயிடும். மூக்குல நுரை தள்ளும். அப்புறம் நீ பொதைக்கத்தான் போகணும். சூட்ட வெளிய விடாம எது புடிச்சு வெக்குமோ அதுல வை."

சூட்டை வெளியே விடாத பெட்டி எது என்று ஃப்ரிட்ஜ்காரனிடம் கேட்டால் என்ன சொல்வான்?

பழைய இரும்புக் கடையில் ஒரு ஃப்ரிட்ஜ் கிடைத்தது. ஒற்றைக் கதவு, கொண்டித் தாழ் போட்ட அந்தக் காலத்து மாடல். மேலே யாரோ பழுப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். கடைக்காரன் கதவைத் தள்ளிக் காட்டினான். டப். "கேட்டியா தம்பி? இப்ப வர்றதெல்லாம் தகரம். இது மூடுச்சுன்னா மூடுனதுதான்." உள்ளே நாற்றம் இருந்தது. பழைய ஃப்ரிட்ஜ்களின் புளித்த நாற்றம் இல்லை, குழந்தை நனைத்த படுக்கையின் நாற்றம். கதவின் உட்புறப் பிளாஸ்டிக்கில், கீழே, குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். கம்பித் தட்டு உரசியிருக்கும் என்று நினைத்தான். வினிகர் ஊற்றிக் கழுவினான்.

பக்கவாட்டில் படுக்கப் போட்டதும் நல்ல நீளமான பெட்டி ஆயிற்று. கதவு ஓவன் கதவு மாதிரி முன்பக்கம் கீழ்நோக்கித் திறக்கும். அதற்கு உட்புறம் கண்ணாடி வைத்தான். காற்றுக்காக மேல் தகட்டில், வலது பக்கம் மூன்று ஓட்டை போட்டான். கூக்கியின் தலை நுழையாது. அவன் மகள் லிண்டியின் விரல் நுழையும்.

"விரல விடாதடி. எலின்னு நெனச்சு கவ்விரும்."

"கூக்கி என்னைக் கடிக்காது பாபா," என்றாள் லிண்டி. ஆறு வயது. நகங்களில் ஊதா நிறச் சாயம். பிரிட்டோரியாவில் ஒரு பங்களாவில் தங்கி வேலை பார்க்கும் அவள் அம்மா தோகோ, மாதக் கடைசியில் வந்தபோது போட்டுவிட்டது. அவள் சொன்னதும் பொய்யில்லை. கையில் எடுத்தால் கூக்கி நேராக லிண்டியின் அக்குளுக்குப் போய்ச் சூட்டில் முகம் புதைத்துக்கொள்ளும்.

வீட்டில் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தான். கரண்ட் போனதும் வெளிக்கதவை மூடித் தாழ் போட வேண்டும். எட்டரை வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது. "திறந்தா சூடு வெளிய போயிடும்." நாளுக்கு நாலு தடவை சொல்வான். லிண்டி அவன் குரலிலேயே திருப்பிச் சொல்லிக் காட்டுவாள்.

மறுநாள் மாலை குளிர்ந்த பக்கம் முப்பத்தைந்து காட்டியது.

டார்ச்சை அடித்துக்கொண்டு, சட்டத்தை மீறி, கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தான். கூக்கி பாயின் பக்கம் இல்லை. வலது கோடியில் கிடந்தது. பந்தாகச் சுருண்டிருக்கவில்லை. அகலமாக, இரண்டு சுற்றாக, நடுவில் இடம் விட்டு உடம்பை வளைத்திருந்தது. மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படியாமல் அந்தரத்தில் நின்றது. எதன் மேலோ சாய்ந்திருப்பதுபோல. மடக்கிய ஒரு முழங்காலைக் கட்டிக்கொண்டிருப்பதுபோல. நடுவில் மரச்சீவல் அமுங்கிக் குழிந்திருந்தது. கண்ணாடியின் உட்புறம், அந்த இடத்துக்கு நேராக, வட்டமாக நீராவி படிந்து, மெல்லக் கலைந்து, மறுபடி படிந்தது.

பாம்பின் மூச்சு கண்ணாடியில் படியாது.

கதவை மூடினான். டப்.

காலையில் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு மா ஸ்கோசானா வழக்கமான விசாரணையை ஆரம்பித்தாள். "என்ன வெலாபி, உன் பொண்டாட்டி எப்படி இருக்கா? அங்க இருக்கிறவளக் கேக்கல, உள்ள வெச்சு வளக்கிறியே, அவள." தெருவில் பாம்பு வளர்ப்பவன் அவன் ஒருவன்தான். ராத்திரியில் அது பணம் கக்குகிறது என்று பாதித் தெரு சொல்லிக்கொண்டிருந்தது.

"கக்குனா இந்த ஓட்ட பூட்ஸையா போட்டுட்டு நிப்பேன் மா?"

"அதான் எனக்கும் புரியல." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பிள்ளைய கொஞ்சம் பாரு. நேத்து என் வாசல்ல சட்டை மட்டும் போட்டுட்டு நின்னா. நான் மூணு கம்பளி சுத்திட்டு நடுங்குறேன். தொட்டுப் பாத்தேன். தண்ணிக் குழாய் மாதிரி இருந்தா."

லிண்டியைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துப் பார்த்தான். சில்லென்றுதான் இருந்தது. ஜூலையில் யார் கை சில்லென்று இல்லை?

"குளுருதா?"

"இல்ல பாபா."

"ஸ்வெட்டர் எங்க?"

"அவனுக்குப் போட்டுவிடலாம்னு பாத்தேன். ஓட்டைக்குள்ள போகல."

"கூக்கி பொண்ணு. அவன்னு சொல்லாத."

லிண்டி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா எதையோ தப்பாகப் புரிந்துகொண்டார், பரவாயில்லை என்று விட்டுவிடுகிற பெரிய மனுஷியின் முகம். சூட்டுத் துப்பாக்கியை எடுத்து அவன் நெற்றிக்கு நேராகப் பிடித்தாள். முப்பத்தாறு. தன் நெற்றிக்குத் திருப்பினாள். முப்பது.

பேட்டரி போய்விட்டது என்று புதிது மாற்றினான். இருபத்தொன்பது.

மாலையில் தோகோ போனில் கேட்டாள். "பாம்புக்கு மட்டும் மெத்தைச் சூடு, கட்டினவளுக்கு ஒரு கம்பளி கிடையாது. என் பிள்ளை சாப்பிடுறாளா?"

"சாப்பிடுறா." சுடச்சுட மக்காச்சோளக் களியும் முட்டைக்கோஸும் தட்டில் வைத்தால் ஆவி பறக்கும். லிண்டி கையை வைத்தால் ஆவி நின்றுவிடும். இதை எப்படிப் போனில் சொல்வது?

அன்றைக்கும் ஆறு மணிக்குக் கரண்ட் போயிற்று. கதவை மூடித் தாழ் போட்டான். லிண்டி ஃப்ரிட்ஜின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, ஓட்டையில் வாயை வைத்து எதையோ கிசுகிசுத்தாள். பிறகு காதை வைத்தாள். மறுபடி வாய். மெழுகுவர்த்தியின் ஒளியில் அவள் நிழல் சுவரில் பெரிதாக அசைந்தது.

"பாம்புக்குக் காது கிடையாதுடி."

"தெரியும்."

"அப்புறம் என்ன பேசுற?"

"எண்ணிட்டிருக்கேன். அவன் ஒளிஞ்சிருக்கான்." ஓட்டைக்குள் விரலை விட்டாள். "அவனுக்கு ரொம்ப நாளா குளுரு. நான் கொஞ்சம் கொஞ்சமா குடுக்கிறேன்."

வெலாபி அவளைத் தூக்கி எடுத்தான். ஈரத் துணி மாதிரி இருந்தாள். வெப்பமானியைப் பார்த்தான். இடது பக்கம் இருபத்தெட்டு. வலது பக்கம் முப்பத்தாறு.

சூடு ஒன்றும் சும்மா வராது. எங்கேயோ குறைந்தால்தான் எங்கேயோ ஏறும். அந்தக் கணக்கை அவன் இருபது வருடமாகச் செய்கிறான். இப்போது செய்ய மனம் வரவில்லை.

எட்டரைக்கு விளக்கு வந்ததும் அவளைப் படுக்க வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்தான். உள்ளே ஏதாவது ஒயர் கருகுகிறதா, ஏதாவது, அவன் தொழிலுக்குள் அடங்குகிற ஏதாவது ஒன்று. பின்பக்கம், கம்ப்ரசர் இருந்த காலிப் பொந்துக்குள் டார்ச் அடித்தான். பழுப்பு பெயிண்ட் அங்கே எட்டவில்லை. பழைய வெள்ளைத் தகடு அப்படியே இருந்தது. அதில் கறுப்பு மார்க்கரில் ஒரு தேதி. மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூன். அதற்குக் கீழே, 'கேஸ் இல்லை. தேறாது.' அதற்குக் கீழே ஒரு எழுத்து.

அவன் கையெழுத்து.

எல்லா ஃப்ரிட்ஜிலும் அப்படித்தான் எழுதுவான். தேறாததைச் சுரங்கத் தொழிலாளர் விடுதிக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் போட்டுவிட்டு வருவான். எல்லோரும் அங்கேதான் போடுவார்கள். தொழிலில் நுழைந்த முதல் நாளே கற்றுக்கொள்வது ஒன்று: போடும் முன் கதவைக் கழற்று. நாலு ஸ்க்ரூ. பத்து நிமிஷம். அந்த ஜூன் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. இரண்டு ஸ்க்ரூ துருவில் பிடித்துக்கொண்டு வரவில்லை. விரல்கள் மரத்துப் போயிருந்தன. இன்னொரு நாள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் விடுதிப் பக்கத்துக் குடிசையிலிருந்து மென்ஸி என்ற பையன் காணாமல் போனான். கண்ணாமூச்சி விளையாடிக்கொண்டிருந்தான் என்றார்கள். செப்டம்பரில் ஆடு மேய்க்கிறவர்கள் கண்டெடுத்தார்கள். எதற்குள் என்று தெரு முழுக்கப் பேசிற்று. சாவுக்குத் தெரு முழுக்கப் போயிற்று. வெலாபி அன்றைக்கு வெளியூரில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டான். அது எந்த ஃப்ரிட்ஜ் என்று யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் புல்வெளியில் பத்துப் பன்னிரண்டு கிடந்தன. அவனுடையது அதில் ஒன்றுதானே.

பையனுக்கு ஆறு வயது.

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. தெர்மாக்கோல் பெட்டி ஒன்றை எடுத்து, வெந்நீர் பாட்டில்கள் இரண்டைத் துணியில் சுற்றி வைத்து, கூக்கியை அதற்கு மாற்றினான். வலது கோடியிலிருந்து பாம்பைப் பிரித்து எடுக்கவே கஷ்டமாக இருந்தது. பிடித்த பிடியை விடாத உடம்பு. இழுக்க இழுக்க எதன் மேலோ உரசிக்கொண்டு வந்தது. அவன் கை அந்த வெறும் இடத்துக்குள் ஒருமுறை போயிற்று. கதகதப்பு. காய்ச்சல்காரக் குழந்தையின் வயிற்றைத் தொட்டதுபோல. கையை உதறிக்கொண்டான்.

கண்ணாடியை எடுத்துவிட்டான். பாயைக் கழற்றினான். கதவைத் திறந்தே வைத்து, மூடாமல் இருக்க அதன் மேல் ஒரு செங்கல்லைப் பாரமாக வைத்தான். நாளைக் காலையில் அதை எடுத்துப்போக ஒரு வண்டிக்காரன் வருவான். அதற்கு முன்னால் கதவைக் கழற்ற வேண்டும். நாலு ஸ்க்ரூ. இரண்டு சுலபமாக வந்தன. மற்ற இரண்டு துருவில் பிடித்துக்கொண்டன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தான்.

லிண்டி நாள் முழுக்க அவன் பின்னாலேயே வந்தாள். "அவன் எங்க போவான் பாபா?"

"அவன் செத்துப் போயிட்டான் கண்ணு."

"செத்தா குளுராதா?"

அவளைக் கம்பளியில் சுற்றி நாற்காலியில் உட்கார வைத்தான். மண்ணெண்ணெய் இன்னும் ஒரு மணி நேரம் ஊற வேண்டும். அந்த நேரத்தில் இவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம். கதவைக் கழற்றாமல் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று ஒரு பிடிவாதம் அவனைப் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை கழற்றிவிட்டுத்தான்.

ஆறு மணிக்குக் கரண்ட் போயிற்று.

இருட்டு ஒரே அடியாக விழுந்தது. தெருவில் ஒரு நாய் ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டது. நிலக்கரிப் புகை கதவிடுக்கில் உள்ளே வந்தது. மெழுகுவர்த்தியைப் பற்ற வைத்தான். பாட்டில்கள் ஆறியிருக்கும், வெந்நீர் போட வேண்டும். "அங்கேயே இரு. அசையாத," என்று சொல்லிவிட்டு, முற்றத்துக் குழாயில் கெட்டிலைப் பிடிக்கப் போனான். குழாய் உறையத் தொடங்கியிருந்தது. தண்ணீர் நூலாக விழுந்தது. கால் கெட்டில் நிறைய எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிஷம். மூன்று.

டப்.

சத்தம் அவனுக்குத் தெரியும்.

உள்ளே ஓடினான். மெழுகுவர்த்தி அணைந்திருந்தது. டார்ச்சைத் தேடி எடுத்து அடித்தான். செங்கல் சுவரோரம் தள்ளிக் கிடந்தது. ஃப்ரிட்ஜின் கதவு மூடியிருந்தது. தாழ் விழுந்திருந்தது. நாற்காலியில் கம்பளி மட்டும்.

"லிண்டி!"

"இங்க இருக்கேன் பாபா."

அறையின் மூலையிலிருந்து வந்தாள். அவன் முட்டி போட்டு உட்கார்ந்தான். மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உயிர் வந்தது. "பயந்துட்டேன்டி," என்றான். "பயந்துட்டேன்." அவள் தலையில் முகம் வைத்தான். தலைமயிரில் புகை வாசனை இல்லை. உறைந்த புல்லின் வாசனை.

வெப்பமானியின் ஒயரை எடுக்க மறந்திருந்தான். சின்னத் திரை இருட்டில் பச்சையாக மின்னியது. வலது பக்கம். முப்பத்தாறு புள்ளி எட்டு.

தட்டும் சத்தம் கேட்டது.

மெதுவாக. உள்ளேயிருந்து. கனத்த சுவருக்குப் பின்னால், யாரோ முட்டியால் இடிப்பதுபோல. மூன்று. இடைவெளி. மூன்று.

"அவன்தான்," என்றாள் மடியில் இருந்தவள். "தட்டட்டும், விடு."

தெர்மாக்கோல் பெட்டியின் மூடி சரிந்தது. கூக்கி வெளியே வழிந்து தரைக்கு வந்தது. சில்லென்ற சிமெண்டில் நாக்கை நீட்டி நீட்டி, சூடு இருக்கும் இடத்தைத் தேடிக்கொண்டு, அவர்களை நோக்கி வந்தது. லிண்டியின் கால்மேல் ஏறிற்று. ஒரு கணம் நின்றது. கல்லைத் தாண்டுவதுபோல அவள் முழங்காலைத் தாண்டி, மறுபக்கம் இறங்கி, போய்க்கொண்டே இருந்தது. ஃப்ரிட்ஜின் ஓரத்தில் ஏறிற்று. மேல் தகட்டில், மூன்று ஓட்டைகளைச் சுற்றி, உடம்பை அமுக்கிப் படுத்துக்கொண்டது.

சூட்டுத் துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. எடுத்தான். சுவருக்குப் பிடித்தான். ஒன்பது. தரைக்குப் பிடித்தான். ஒன்பது.

மடியில் இருந்த நெற்றிக்குப் பிடித்தான்.

ஒன்பது.

"பாபா."

குரல் மடியிலிருந்து வரவில்லை. மெல்லியதாக, தகரத்துக்குள்ளிருந்து, ஓட்டை வழியாக வந்தது.

"பாபா, திற. இங்க ரொம்ப சூடா இருக்கு."

டார்ச் வெளிச்சத்தைத் திருப்பினான். பாம்பின் சுருளுக்கு நடுவே, ஓட்டையிலிருந்து, சின்னதாக ஒரு விரல் நீண்டிருந்தது. ஊதா நிற நகம். அசைந்தது.

எழ முயன்றான். கழுத்தைக் கட்டியிருந்த கைகள் இறுகின. உறைந்த குழாயைக் கழுத்தில் சுற்றியதுபோல. வெளிச்சம் அந்த விரல்களின் மேல் விழுந்தது. பத்து விரல். எதிலும் நகம் இல்லை. பிளாஸ்டிக்கைக் கீறிக் கீறித் தேய்ந்த நுனிகள்.

தட்டும் சத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. இடைவெளி. இரண்டு.

அவன் காதோடு உதடு வைத்து, அவனுடைய குரலிலேயே, அது சொன்னது.

"திறக்காத பாபா. சூடு வெளிய போயிடும்."